விட்டு விட்டு வரும் மின் கோளாறு: அவுட்போர்டு இன்ஜினில் தேடிப் பிடிப்பது எப்படி

கடலில் மூன்று முறை நின்ற அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது), கரைக்கு வந்து மெக்கானிக் கயிற்றை இழுத்ததும் முதல் இழுப்பிலேயே ஓடும். மல்டிமீட்டரை எங்கே வைத்தாலும் அளவு சரியாக இருக்கும். மறுநாள் நாலு மைல் போனதும் மறுபடி நிற்கும். இந்த நிலைமையில்தான் ஊகத்தில் சிடிஐ யூனிட்டை (ப்ளக்கில் பொறி வரவைக்கும் மின்னணுப் பெட்டி) வாங்கி மாட்டுகிறார்கள். பணம் போகிறது, கோளாறு போவதில்லை. மின் சாமான்களைப் பல கடைகளில் திருப்பி எடுப்பதும் கிடையாது.

கோளாறு இல்லாத நேரத்தில் எடுத்த அளவுக்கு மதிப்பு குறைவு. அது எந்த நிலையில் வருகிறது என்று கண்டுபிடித்து, அதே நிலையைக் கரையில் உண்டாக்கி, அப்போது அளக்க வேண்டும். சூட்டிலா, ஈரத்திலா, அலையடியிலா, த்ராட்டிலின் ஏதோ ஓர் இடத்திலா என்பது தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டுக் கரையிலும் இலங்கையின் வடக்கிலும் ஃபைபர் படகுகளில் ஓடும் 9.9 முதல் 40 குதிரைத்திறன் வரையிலான டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களை மனதில் வைத்து எழுதியது. ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு பேட்டரி, எர்த் (இன்ஜின் உலோகத்தோடு சேரும் இணைப்பு), ஒயர் இணைப்பு பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

முதலில் பெட்ரோல் பக்கத்தை விலக்குங்கள்

மின் கோளாறு என்று நினைப்பதில் கணிசமானவை டேங்க் மூடியில் முடிந்துவிடும். மூடியில் உள்ள காற்றுத் திருகு மூடியிருந்தால் இன்ஜின் பத்து, பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் (எரிபொருள்) வராமல் நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் காற்று மெல்ல உள்ளே கசிந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும். பார்ப்பதற்கு அப்படியே சூட்டில் காயில் (கம்பிச் சுருள்) போனது போலவே இருக்கும். நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் காயிலைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

நிற்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு. எண்ணெய் வராமல் நிற்கும் இன்ஜின் திணறி, வேகம் ஏறி இறங்கி, இருமி நிற்கும். பொறி போய் நிற்கும் இன்ஜின் சுவிட்சை அணைத்தது போல வெட்டென்று நிற்கும், அல்லது ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுப்போய் பாதி பலத்தில் நடுங்கிக்கொண்டு ஓடும். சந்தேகமாக இருந்தால், திணறும்போது எண்ணெய்க் குழாயில் உள்ள ரப்பர் பல்பை அழுத்திப் பாருங்கள். அழுத்த அழுத்த இன்ஜின் உயிர் பெற்றால் கோளாறு எரிபொருள் பக்கம்.

மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள் ப்ளக்கையும் விலக்க வேண்டும். சூடாகும் முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றினாலும், நெடுநேரம் மெதுவாக ஓட்டினாலும் ப்ளக்கில் ஈரக் கரி படிந்து பொறி கரி வழியே எர்த்துக்கு ஓடிவிடும். வேகம் கூட்டினால் சரியாகி, குறைத்தால் மறுபடி விட்டுப்போகும். புது ப்ளக் மாட்டி ஒரு முறை கடலுக்குப் போய்வந்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். பழைய ப்ளக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணையே முழுதாகக் கேட்டு வாங்குங்கள். என்ஜிகே ப்ளக்கில் கடைசியில் வரும் 10 என்பது இடைவெளி 1.0 மி.மீ. என்பதைக் குறிக்கும், நடுவில் வரும் ஆர் எழுத்து உள்ளே 5 கிலோ ஓம் அளவில் ரெசிஸ்டர் இருப்பதைக் குறிக்கும். இந்த இரண்டையும் கவனிக்காமல் கிடைத்ததை மாட்டினால் அதுவே புதுக் கோளாறாகும்.

இன்னொன்றையும் விலக்க வேண்டும். வேகம் பாதியாகக் குறைந்து அதற்கு மேல் ஏறாமல், ஆனால் சீராக ஓடினால் அது பெரும்பாலும் இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்வது. தண்ணீர் வெளியேறும் துளையைப் பாருங்கள். தண்ணீர் நன்றாக வந்தும் அலாரம் அடித்தால், ஹீட் சுவிட்சின் (சூடு மீறினால் அலாரம் அடிக்கவைப்பது) ஒயர் எங்கேயோ உரசி எர்த் ஆகிறது என்று சந்தேகப்படலாம். யமஹாவில் அது ரோஸ் நிற ஒயர்.

கரண்ட் போகும் வழி

இன்ஜினின் உச்சியில் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் உட்புறம் காந்தங்கள். அதற்குக் கீழே சார்ஜ் காயில், பல்சர் காயில், லைட்டிங் காயில் மூன்றும் இருக்கும். ஃப்ளைவீல் சுற்றும்போது சார்ஜ் காயில் நூற்றுக்கணக்கான வோல்ட்டை உண்டாக்கி சிடிஐக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சேர்க்கிறது. பல்சர் காயில் சரியான நேரத்தில் சைகை கொடுத்ததும் அத்தனையும் ஒரே வீச்சில் இக்னிஷன் காயிலுக்குப் போய் ப்ளக்கில் பொறியாகிறது. ஸ்டாப் ஒயர் இந்தச் சார்ஜை எர்த் செய்து இன்ஜினை நிறுத்துகிறது.

இந்த வகை இன்ஜின் ஓடுவதற்கு பேட்டரியே தேவையில்லை. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் இன்ஜின் ஓட்டத்தில் நின்றால் பேட்டரியைப் பார்த்து நேரம் போக்காதீர்கள். அதேபோல் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் சிடிஐக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த இரண்டையும் கலந்துகொள்வதால்தான் பலர் வழி தவறுகிறார்கள்.

எப்போது நிற்கிறது?

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம், என்ன வேகம், அலை எப்படி, மழையா வெயிலா, டில்லர் (இன்ஜினைத் திருப்பும் கைப்பிடி) எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, நின்றபின் எவ்வளவு நேரத்தில் மறுபடி எடுத்தது. நாலு, ஐந்து முறை எழுதியதும் ஒரு ஒழுங்கு தென்படும்.

அலையடியில் நிற்கிறது என்றால் இணைப்பு, எர்த், ஸ்டாப் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, காய்ந்த மரக்குச்சியால் ஒயர்க் கட்டினை அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டே வர வேண்டும். கையால் அசைக்கக் கூடாது. ஓடும் இன்ஜினில் இந்த ஒயர்களில் பலமான ஷாக் உண்டு. தோளில் துண்டு, தொங்கும் கயிறு, தளர்ந்த லுங்கி எதுவும் ஃப்ளைவீல் அருகே வரக் கூடாது. குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் ஓட்டவும் கூடாது. தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். ட்ரம்மிலோ, ஆழமற்ற தண்ணீரில் படகைக் கட்டியோ சோதியுங்கள்.

எர்த் போல்ட்டை வெளிப்பார்வைக்கு நம்பாதீர்கள். போல்ட் இறுக்கமாக இருக்கும், அடியில் பெயின்ட்டும் வெள்ளைப் பூப்பும் இருக்கும். சிடிஐ எர்த், காயில் எர்த், பேட்டரி எர்த் மூன்றையும் கழற்றி, லக்கையும் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) அது உட்காரும் இடத்தையும் உலோகம் மின்னும்வரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, அதற்குப் பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். அலுமினியத்தில் வெறும் செப்பு லக் உட்கார்ந்தால் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அரிக்கும். வெள்ளீயம் பூசிய லக் நல்லது. காசு செலவில்லாத இந்த ஒரு மணி நேர வேலை பல இன்ஜின்களைச் சரியாக்கிவிடும். கோளாறு பிடிபடும்வரை காத்திராமல் இதை முதலிலேயே செய்துவிடலாம்.

ஸ்டாப் ஒயர் தனியாகப் பேச வேண்டிய விஷயம். கில் சுவிட்ச் (ஓட்டுபவரோடு கயிற்றால் கட்டிய கிளிப் உருவினால் இன்ஜினை நிறுத்துவது) கைப்பிடியில், உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. அதன் ஒயர் டில்லர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும், இன்ஜினைத் தூக்கி இறக்கும்போதும் மடங்கி நிமிர்கிறது. மடங்கும் இடத்தில் தோல் உரிந்து ஒரு நொடி உலோகத்தைத் தொட்டால் போதும், இன்ஜின் நின்றுவிடும். அலை ஏறும்போது மட்டும், அல்லது ஒரே பக்கம் திரும்பும்போது மட்டும் நின்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

சோதிக்கும் முறை: இன்ஜினை நிறுத்தி, சிடிஐயிலிருந்து வரும் ஸ்டாப் ஒயரின் புல்லட் கனெக்டரைப் பிரியுங்கள். யமஹாவில் வெள்ளை ஒயர், மெர்குரியில் கறுப்பு மஞ்சள். சுவிட்ச் பக்கம் போகும் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை மிக உயர்ந்த ஓம் அளவில் வையுங்கள். கிளிப் மாட்டியிருக்கும்போது மீட்டர் முழுத் திறப்பு (இணைப்பே இல்லை என்று) காட்ட வேண்டும்; கிளிப்பை உருவினால் பூஜ்யத்துக்கு அருகே வர வேண்டும். கிளிப் மாட்டியிருக்கையில் சில பத்து கிலோ ஓம் காட்டினாலும் சுவிட்சுக்குள் உப்பு ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்தக் கசிவு சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். காலையில் பத்து முறை இழுத்தால்தான் எடுக்கும், எடுத்துவிட்டால் நன்றாக ஓடும் என்ற குறைக்கு இதுவும் ஒரு காரணம். மீட்டரை வைத்தபடியே டில்லரை இரு பக்கமும் திருப்பி, கைப்பிடியை மடக்கி, இன்ஜினைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். முள் மீட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நொடி நேரத் துடிப்பை எண் மீட்டர் காட்டத் தவறும், முள் துள்ளிக் காட்டிவிடும்.

கடலில் நடுவழியில் நின்றால் அந்த ஒயரைப் பிரித்துவிட்டு ஸ்டார்ட் செய்து கரை சேரலாம். ஆனால் அப்போது கில் சுவிட்ச் வேலை செய்யாது. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் இன்ஜின் நிற்காது என்பதை மறக்கக் கூடாது. நிறுத்துவதற்கு சோக்கை முழுதாக இழுக்க வேண்டும், அல்லது எண்ணெய்க் குழாயைப் பிரிக்க வேண்டும். பிரித்த முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும். டேப் சுற்றி உலோகத்தில் படாமல் ஒதுக்கி வையுங்கள். கரைக்கு வந்ததும் சுவிட்சை மாற்றி மறுபடி இணைத்துவிட வேண்டும். பிரித்தபடியே மாதக்கணக்கில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. இன்னொரு எச்சரிக்கை: ஸ்டாப் ஒயரில் பேட்டரியின் 12 வோல்ட் பட்டுவிட்டால் சிடிஐ அங்கேயே செத்துவிடும். லைட் ஒயர், ஜிபிஎஸ் ஒயர் இழுக்கும்போது இந்த வெள்ளை ஒயரில் யாரும் இணைப்பு எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதி வேகத்தில் மட்டும் விட்டுப்போகிறது, அதைத் தாண்டினாலும் சரி, குறைத்தாலும் சரி, ஒழுங்காக ஓடுகிறது. இது எளிதில் பிடிபடாத கோளாறு. பல டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில் டைமிங் (பொறி விழும் நேரம்) முன்னே போவதற்காகக் காயில்கள் உட்கார்ந்திருக்கும் தட்டே த்ராட்டிலோடு சேர்ந்து திரும்பும். தட்டிலிருந்து வெளியே வரும் ஒயர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வளையும். ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து உள்ளே செப்பு இழைகள் அறுந்துபோகும், வெளித்தோல் மட்டும் முழுசாக இருக்கும். அந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் ரப்பர் போல நீளும். நல்ல ஒயர் நீளாது. காயிலுக்கும் சிடிஐக்கும் நடுவே உள்ள கனெக்டரைப் பிரித்து, காயில் பக்கம் மீட்டரை வைத்து, இன்ஜின் நின்றிருக்கும்போதே த்ராட்டிலை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்புங்கள். எந்த இடத்தில் மீட்டர் துள்ளுகிறதோ அந்த இடத்தில்தான் ஒயர் அறுந்திருக்கிறது.

சூட்டில் போகும் கோளாறு

இருபது நிமிடம், முக்கால் மணி நேரம் என்று ஏறக்குறைய ஒரே கால அளவில் நின்று, ஆறியதும் எடுத்தால், காற்றுத் திருகை விலக்கிய பிறகு காயில்களைச் சந்தேகிக்கலாம். காயிலில் சுற்றிய மெல்லிய கம்பி எங்கேனும் விரிசல் விட்டிருந்தால் சூட்டில் விரிந்து பிரியும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும்.

இதைப் பிடிக்க ஒரே வழி, நின்ற உடனே அளப்பது. ஸ்பார்க் டெஸ்டர், ப்ளக் ஸ்பேனர், மீட்டர் மூன்றையும் கைக்கெட்டும் இடத்தில் தயாராக வைத்துக்கொண்டு கரையோரமாக ஓட்டுங்கள். உடன் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். நின்றதும் கவரைத் திறந்து பொறியைப் பாருங்கள். டெஸ்டரில் சுமார் 9 மி.மீ. இடைவெளியை நீல நிறப் பொறி பளிச்சென்று தாண்ட வேண்டும். ப்ளக் கேப்பை வெறுமனே தொங்கவிட்டுக் கயிறு இழுக்காதீர்கள். பொறிக்குப் போக வழியில்லாமல் காயிலும் சிடிஐயும் பழுதாகும். ப்ளக் கழற்றிய துளையிலிருந்து எண்ணெய் ஆவி வரும், டெஸ்டரை அதிலிருந்து தள்ளியே பிடியுங்கள்.

பொறி இல்லை என்றால் சூடு ஆறும் முன் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சார்ஜ் காயில், பல்சர் காயில், இக்னிஷன் காயில் மூன்றின் ஓம் அளவையும் எடுத்து எழுதுங்கள். இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவு வழக்கமாக 20 டிகிரிக்கானது. அங்கே 200 ஓம் என்றிருந்தால் நம் ஊர் 32 டிகிரியில் 209 காட்டுவது இயல்பு. 70 டிகிரி சூட்டில் 239 காட்டுவதும் இயல்புதான். இதை அறியாமல் "அளவு ஏறிவிட்டது" என்று நல்ல காயிலைத் தூக்கிப் போடுகிறார்கள். திறந்துபோவதும், இருநூறு திடீரென்று இரண்டாயிரம் ஆவதும், எண் நிலைக்காமல் ஆடுவதும்தான் கோளாறு. காயிலின் எந்த ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே இணைப்பு இருக்கக் கூடாதா, இருக்க வேண்டுமா என்பதையும் புத்தகத்தில் பாருங்கள். சில இன்ஜின்களில் காயிலின் ஒரு முனை எர்த்திலேயே இருக்கும்.

கடலில் வைத்து அளக்க முடியாவிட்டால் கரையில் ஹேர் டிரையரால் ஒவ்வொரு காயிலாகச் சூடாக்கி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தீக்கொளுத்தி, ஹீட் கன் வேண்டாம், காயிலை மூடியிருக்கும் பிசின் கெட்டுவிடும். கை வைக்க முடியாத சூடு வந்தால் போதும்.

ஓம் அளவு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. மீட்டர் ஒன்பது வோல்ட் பேட்டரியில் அளக்கிறது; காயில் வேலை செய்வதோ பல நூறு வோல்ட்டில். காப்பு விட்டுப்போன காயில் மீட்டரில் நன்றாகவே காட்டும். அதற்கு உச்ச வோல்ட்டை அளக்கும் அடாப்டர் வேண்டும். சாதாரண மீட்டரை ஏசியில் வைத்து எடுத்த எண்ணைப் புத்தகத்தில் உள்ள உச்ச அளவோடு ஒப்பிடக் கூடாது. அடாப்டர் இல்லாதவர்களுக்கு இடமாற்றச் சோதனைதான் கை கொடுக்கும். சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி இக்னிஷன் காயில் உள்ள இன்ஜினில், விட்டுப்போகும் சிலிண்டரின் காயிலையும் மற்றதையும் மாற்றி மாட்டுங்கள். கோளாறு காயிலோடு அடுத்த சிலிண்டருக்குப் போனால் காயில் கெட்டது. போகாமல் அதே சிலிண்டரில் நின்றால் அதற்கு முந்தைய இடத்தைப் பாருங்கள்.

ஓட்டத்திலேயே எந்தச் சிலிண்டர் விட்டுப்போகிறது என்று காண, ப்ளக் கேப்புக்கும் ப்ளக்குக்கும் நடுவே மாட்டும் நியான் விளக்கு டெஸ்டர் மலிவாகக் கிடைக்கும். இன்ஜின் திணறும் அதே நொடியில் விளக்கும் விட்டு விட்டு எரிந்தால் மின் கோளாறு உறுதி. இன்ஜின் திணறியும் விளக்கு சீராக எரிந்தால் கார்புரேட்டர் பக்கம் போங்கள்.

ஈரத்தில் வரும் கோளாறு

வாடைக் காற்று மாதங்களில் மழையும் ஈரமும் சேர்ந்து இதைக் கிளப்பும். வெயில் ஏறியதும் தானே சரியாகும், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

இருட்டிய பின் இன்ஜினைத் தண்ணீரில் ஓடவிட்டு, கவரைத் திறந்து, துணிக்குத் தெளிக்கும் ஸ்பிரே புட்டியால் ப்ளக் கேப், ப்ளக் ஒயர், இக்னிஷன் காயில் மேல் மெல்லிய சாரலாகத் தெளியுங்கள். மின்சாரம் கசியும் இடத்தில் மெல்லிய நீலக் கோடு காயிலின் விளிம்பில் ஊர்ந்து பக்கத்து போல்ட்டுக்குத் தாவுவது கண்ணுக்குத் தெரியும். "டிக் டிக்" என்று சத்தமும் கேட்கும். பகலில் பார்த்தால் அந்த இடத்தில் பென்சிலால் கீறியது போலக் கறுப்புக் கோடு இருக்கும். அந்தக் கரிக்கோடு ஒரு முறை விழுந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை, அந்தச் சாமானை மாற்ற வேண்டியதுதான். கேப் மட்டும் தனியாகக் கிடைக்கும் இன்ஜினில் பழைய கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயரின் முனையில் கால் அங்குலம் வெட்டிவிட்டு, புதுச் செம்பு இழையில் புதுக் கேப்பைத் திருகுங்கள்.

செல்ஃப் சில நேரம் எடுக்கிறது, சில நேரம் "டக்" என்கிறது

பேட்டரியைச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. இதை விட முக்கியம், செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்பது. போனால் பேட்டரி வீக்.

பேட்டரி நன்றாக இருந்தால் வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடுங்கள். மீட்டரை 2 வோல்ட் அல்லது 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் குறை. பிளஸ் கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார் போல்ட் வரை இதேபோல் அளந்தால் 0.5க்குள் இருக்க வேண்டும். மேலே போனால் சோலனாய்டின் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இரு போல்ட்டுக்கு நடுவே, பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் தனித்தனியாக அளந்து வாருங்கள். மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கும்போது ஓர் இணைப்பில் வெறும் 0.01 ஓம் இருந்தாலே 1 வோல்ட் போய்விடும். அந்த 0.01 ஓமை மீட்டரின் ஓம் அளவில் காணவே முடியாது. அதனால்தான் சுமையோடு அளப்பது.

பேட்டரி முனையில் இறக்கை நட் போட்டுக் கையால் இறுக்கியிருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். அலையடியில் அது தளரும். ஓடும்போது பேட்டரி இணைப்பு ஒரு நொடி விட்டுப்போனால் ரெக்டிஃபையரின் (ஏசியை டிசியாக மாற்றுவது) டையோடுகள் எரியும். நைலான் வளையம் உள்ள நட் போட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். முனையில் பூத்திருக்கும் உப்பை, ஒரு டம்ளர் சுடுநீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து ஊற்றிக் கழுவலாம்; கரைசல் செல்லுக்குள் போகக் கூடாது.

சாவி திருப்பினால் சத்தமே இல்லை, கியர் லீவரை ஆட்டினால் எடுக்கிறது என்றால் கோளாறு நியூட்ரல் சுவிட்சில் (கியரில் இருக்கும்போது செல்ஃப் எடுக்காமல் தடுப்பது). சார்ஜ் ஏறுவது சந்தேகமானால், நடு வேகத்தில் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வருகிறதா பாருங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் ரெக்டிஃபையர் மட்டும் உள்ள பழைய இன்ஜினில் 15ஐத் தாண்டலாம். அங்கே சீல் செய்த பேட்டரி வைக்காமல், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பேட்டரி வைத்து அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை ஏமாற்றும் ஒயர்

பத்தொன்பது இழை உள்ள ஒயரில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் இருந்தாலும் எண் மீட்டர் 12.6 வோல்ட் என்றே காட்டும். சுமை கொடுத்தால்தான் உண்மை தெரியும். பைக்கின் 21 வாட் பிரேக் பல்புக்கு இரண்டு ஒயர், இரண்டு முதலைக் கிளிப் வைத்து ஒரு சோதனை விளக்கு செய்துகொள்ளுங்கள். அது 1.75 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியில் நேராக வைத்தால் எரியும் வெளிச்சமும், ஒயரின் மறுமுனையில் எரியும் வெளிச்சமும் ஒன்றாக இருக்க வேண்டும். மங்கினால் ஒயர் உள்ளே போய்விட்டது. இந்த விளக்கை 12 வோல்ட் ஒயர்களில் மட்டும் வையுங்கள். சிடிஐ, பல்சர், ஸ்டாப் ஒயர்களில் வைக்கவே கூடாது.

தோலைச் சீவினால் செம்பு பளபளப்பாக இருக்க வேண்டும். பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலோ, இழைகள் கறுத்துத் தொட்டதும் பொடிந்தாலோ உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே உறிஞ்சப்பட்டு உள்ளே ஏறியிருக்கிறது. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். பத்து செ.மீ. வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் ஒயர் முழுவதையும் மாற்றுங்கள், வெள்ளீயம் பூசிய இழை உள்ள கப்பல் ஒயர் கிடைத்தால் அதையே போடுங்கள்.

முறுக்கி டேப் சுற்றுவதும், அதன்மேல் எம்சீல் அப்புவதும் நம் கரைகளில் வழக்கம். டேப் தண்ணீரை வெளியே நிறுத்தாது, உள்ளே போனதைக் காயவும் விடாது. எம்சீல் இறுகியதும் ஒயர் அதன் விளிம்பிலேயே மடங்கி அறும். சரியான முறை இது: தோலை 7 முதல் 8 மி.மீ. சீவி, ஒயர் தடிமனுக்கு ஏற்ற லக்கில் நுழைத்து, கிரிம்ப் பிளையரால் அழுத்தி, பலமாக இழுத்துப் பாருங்கள். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டு, இரு முனையிலும் பசை துளி துளியாக வெளியே எட்டிப் பார்க்கும்வரை சூடாக்குங்கள். சால்டர் வைத்தே தீர வேண்டும் என்றால் ரோசின் உள்ள கம்பி மட்டும்; தகரக்கடை ஆசிட் ஃப்ளக்ஸ் ஆறு மாதத்தில் ஒயரைத் தின்றுவிடும். சால்டர் வைத்த இடம் விறைத்து, அதன் ஓரத்தில் நடுக்கத்தால் அறும் என்பதால் அந்த இடத்தை அசையாமல் கட்ட வேண்டும்.

கனெக்டருக்குள் காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு, ரப்பர் சீலில் மெல்லியதாக டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசி மாட்டுங்கள். ஒயர் கட்டை பத்து, பதினைந்து செ.மீ.க்கு ஒரு கட்டு போட்டு நிறுத்துங்கள். இன்ஜின் திரும்பும், தூக்கும் இடங்களில் மட்டும் தளர்ச்சி விட வேண்டும்.

சிடிஐ எப்போது?

ப்ளக், கேப், எர்த், ஸ்டாப் ஒயர், கனெக்டர், மூன்று காயில் எல்லாம் கோளாறு இருக்கும் நேரத்திலேயே அளந்து சரியாக இருந்தால், அப்போதுதான் சிடிஐ. அப்போதும் புதிது வாங்கும் முன், அதே மாடல் இன்ஜினில் நன்றாக ஓடும் யூனிட்டை ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். உங்கள் சந்தேக யூனிட்டை அவர்கள் இன்ஜினில் மாட்டாதீர்கள். சாமான் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே குதிரைத்திறனில் ஆண்டுக்கு ஆண்டு யூனிட் மாறியிருக்கும்.

ஃப்ளைவீலுக்குள் காந்தம் பசை விட்டு நகர்ந்திருந்தாலும், அதைத் தண்டோடு பூட்டும் சாவித் துண்டு தேய்ந்திருந்தாலும் பொறி நேரம் தவறும். கயிறு இழுக்கையில் எதிர் உதை வரும், உள்ளே உரசல் சத்தம் கேட்கும். அதைத் திறக்கப் புல்லர் (சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும், சுத்தியலால் அடித்தால் கிராங்க் தண்டு போய்விடும்.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: புது ப்ளக் இரண்டு, ப்ளக் ஸ்பேனர், 10 மி.மீ. ஸ்பேனர், பிளையர், கில் சுவிட்சின் உபரி கிளிப், இன்ஜினில் உள்ள அதே ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு, புல்லட் கனெக்டர் நாலு, ஒரு மீட்டர் நீள ஒயர், 21 வாட் சோதனை விளக்கு, ஃப்ளைவீலில் சுற்றி இழுக்க முடிச்சிட்ட கயிறு ஒன்று. எல்லாவற்றையும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், அடியில் ஒரு காய்ந்த துணியோடு வையுங்கள். அந்தக் கோளாறு நோட்டும் அதே டப்பாவில் இருக்கட்டும். மெக்கானிக்கிடம் போகும்போது இன்ஜினோடு அதையும் கொடுங்கள்.